ஏறும் நாள் சப்பென்று போக வேண்டும்: குதிரை பழக்க வருகிறவர்களுக்கு

என்னிடம் தொழில் கற்க வருகிற பையன்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, எத்தனாவது நாள் ஏறலாம்?" திருவொற்றியூரில் இருந்து வந்தாலும் சரி, வியாசர்பாடியில் இருந்து வந்தாலும் சரி, கேள்வி மாறாது. தேசிங்கு ராஜா கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். யாராலும் அடக்க முடியாத குதிரை மேல் ஒரு சிறுவன் தாவினான், அடக்கினான், முடிந்தது. கதைக்கு அது போதும். அடுத்த வாரம் அந்தக் குதிரையைக் குளிப்பாட்டியது யார், லாடம் அடிக்க அது காலைக் கொடுத்ததா இல்லையா என்று கதையில் வராது. நம் பிழைப்பு அந்த அடுத்த வாரத்தில்தான் இருக்கிறது.

ஏறும் நாளைப் பற்றி நான் சொல்வது இதுதான்: அது சப்பென்று போக வேண்டும். தெருவில் நிற்கிற ஒருத்தர்கூட போனை எடுத்து வீடியோ பிடிக்கக் கூடாது. குதிரை துள்ளி, நீங்கள் பிடரியைப் பிடித்துத் தொங்கி, கூட்டம் கைதட்டியது என்றால் அதற்கு முந்தைய ஆறு வாரத்தில் எதையோ விட்டுவிட்டீர்கள். கீழே எழுதியிருப்பது அந்த ஆறு வாரத்தைப் பற்றியும் அதற்குப் பிறகு வரும் ஒரு மாதத்தைப் பற்றியும். சில குதிரைக்கு நாலு வாரம் போதும். சிலதுக்கு மூன்று மாதமும் போதாது. நாளைச் சொல்லி காசு பேசாதீர்கள்.

முதலில் குதிரையைப் பாருங்கள்

நம் பக்கம் வரும் குதிரைகள் பெரும்பாலும் மூன்று வழியில் வருகின்றன. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கி லாரியில் ஏற்றி வருபவை ஒரு வகை. இவற்றில் மார்வாரி, கத்தியவாரி ரத்தம் இருந்தால் காதே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு காதும் உள்பக்கம் வளைந்து நுனியோடு நுனி தொடப் பார்க்கும். இரண்டாவது, ரேஸில் ஓடி ஓய்ந்தவை. மூன்றாவது, சௌகார்பேட்டை கல்யாண ஊர்வலத்திலும் சாரட்டிலும் பழகிவிட்டு வேறு வேலைக்கு மாறுபவை. பின்னிரண்டும் புதிதாகக் கற்கவேண்டியவை அல்ல, கற்றதை மறக்கவேண்டியவை. அவற்றைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதைக்கு மூன்று, நான்கு வயதான, யாரும் ஏறாத ஒரு குதிரையை வைத்துப் பேசுவோம்.

வாங்கும்போது நம் ஆட்கள் சுழி பார்ப்பதில் அரை மணி நேரம் செலவழிப்பார்கள். பஞ்சகல்யாணியா (நாலு காலிலும் முகத்திலும் வெள்ளை இருக்கிறதா), எந்தச் சுழி எங்கே விழுந்திருக்கிறது என்று விரல் வைத்துத் தேடுவார்கள். குளம்பைத் தூக்கிப் பார்க்க அரை நிமிடம்கூட இருக்காது. சுழி பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பல்லையும் குளம்பையும் அதற்கு முன்னால் பாருங்கள்.

விற்பவர் நாலு வயசு என்றால் உதட்டை விலக்குங்கள். முன்வரிசையில் நடு ஜோடி பால்பல் விழுந்து பெரிய பல் வருவது இரண்டரை வயதில். அதற்குப் பக்கத்து ஜோடி மூன்றரையில். ஓரத்து ஜோடி நாலரையில். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். ஓரத்தில் இன்னும் பால்பல் நின்றால் அது நாலரையைத் தாண்டவில்லை. இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், குதிரையின் முதுகெலும்பு வளர்ந்து இறுக ஐந்தரை, ஆறு வயதுகூட ஆகும். இரண்டு வயதுக் குட்டி பெரிதாகத் தெரியும், முதுகு பெரிதாகவில்லை. மூன்றுக்குக் கீழே என்றால் தரைப் பாடம் (ஏறாமல் கீழே நின்று நடத்துவது) மட்டும் சொல்லிக்கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள்.

எடையும் தெரிய வேண்டும். எடைமேடை வேண்டாம், தையல்கார டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி ஓர் அளவு, தோள் முனையில் இருந்து பின்தொடை முனை வரை ஓர் அளவு, இரண்டும் சென்டிமீட்டரில். மார்பளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட கிலோ கணக்கு வந்துவிடும். மார்பு 160, நீளம் 150 என்றால் 323 கிலோ. ஆளும் சேணமும் சேர்ந்து அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. அதாவது 65 கிலோ. சேணம் 8 கிலோ போனால் மிச்சம் 57. தொண்ணூறு கிலோ அண்ணன்கள் இந்தக் கணக்கைப் பார்த்ததும் என் மேல் கோபப்படுவார்கள். படட்டும்.

பழக்க ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை மருத்துவரிடம் காட்டுங்கள். 1903-இல் தொடங்கி, இப்போது வேப்பேரியில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குக் கூப்பிடு தூரம்; அந்த வசதி எத்தனை ஊருக்கு இருக்கிறது? டெட்டனஸ் தடுப்பூசி கட்டாயம். குதிரை அளவுக்கு டெட்டனஸுக்கு எளிதில் ஆளாகும் பிராணி குறைவு, நம் தெருவில் துருப்பிடித்த ஆணிக்கோ பஞ்சமில்லை. வெளியூரில் இருந்து வந்த குதிரை என்றால் கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். அது மனிதனுக்கும் ஒட்டுகிற நோய். கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் ஓநாய்ப்பல் என்று ஒரு குட்டிப் பல் சில குதிரைக்கு இருக்கும். கடிவாளம் அதில் இடித்தால் குதிரை தலையை உதறும், நாம் திமிர் என்று நினைத்து அடிப்போம். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வந்த முதல் வாரம் பாடம் எதுவும் வேண்டாம். தின்னட்டும், இடத்தை முகரட்டும். தினமும் ஒரே நேரத்தில் உடம்புச் சூடு, நாடி, மூச்சு மூன்றையும் எடுத்து லாயச் சுவரில் சாக்பீஸால் எழுதுங்கள். சும்மா நிற்கும்போது சூடு 37.5 முதல் 38.5 டிகிரி, நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. உங்கள் குதிரையின் சொந்தக் கணக்கு தெரிந்தால்தான், ஒரு நாள் அது மாறும்போது உங்களுக்கு உறைக்கும்.

இடமும் நேரமும்

கடற்கரை ஊர், மணலுக்கா பஞ்சம் என்பார்கள். ராயபுரத்தில் இருந்து எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். துறைமுகம் வந்ததில் இருந்து அதற்கு வடக்கே கடல் கரையைத் தின்றுகொண்டே வந்தது. மணல் இருந்த பல இடங்களில் இன்று கருங்கல் சுவர்தான். மாதவரம், மணலி புதுநகர், செங்குன்றம் பக்கம் காலி மனை கிடைத்தால் அதுதான் நமக்கு மைதானம். 20 மீட்டர் குறுக்களவில் ஒரு வட்டம் போட இடம் இருந்தால் போதும். மனையை முழுக்க நடந்து பாட்டில் கண்ணாடி, கட்டுக்கம்பி, உடைந்த ஓடு எல்லாவற்றையும் பொறுக்குங்கள். ஒரு நாள் வேலை அது, கூலிக்கு ஆள் விடாதீர்கள், அவர்கள் கண்ணுக்குக் கம்பி தெரியாது. மணல் நாலு விரல் ஆழம் போதும். கணுக்கால் புதைகிற மணலில் வட்டம் ஓட்டினால் தசைநார் போய்விடும். அந்த மணலிலேயே தீனி போடாதீர்கள். புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலில் தங்கி வயிற்று வலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது.

நேரம் என்றால் விடியற்காலைதான். வெயிலுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, காற்றின் ஈரப்பத சதவீதத்தை அதோடு கூட்டுங்கள். 130-க்குள் இருந்தால் நிம்மதியாக வேலை வாங்கலாம். அதைத் தாண்டினால் குறைக்க வேண்டும். 180-ஐத் தொட்டால் லாயத்திலேயே விடுங்கள். கத்திரி வெயில் காலத்தில் நம் ஊரில் காலை ஐந்தரைக்கே 84 டிகிரியும் 80 சதவீத ஈரமும் இருந்தால் கூட்டல் 164. விடிவதற்கு முன்பே எல்லை தாண்டிவிட்டது! அதனால் மே மாதத்தில் நான் தரைப் பாடம் மட்டும் நடத்துவேன், அதுவும் பதினைந்து நிமிடம். வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரை விடாமல் ஊற்றுங்கள். சூட்டு உடம்பில் தண்ணீர் பட்டால் நரம்பு இழுத்துக்கொள்ளும் என்று பழைய ஆட்கள் பயமுறுத்துவார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகளிலேயே அந்தப் பயம் தேவையில்லை என்று தெரிந்துவிட்டது. ஓடியும் வியர்க்காத குதிரையைக் கண்டால் மட்டும் உடனே நிறுத்துங்கள். நம்மைப் போன்ற புழுக்க ஊரில் சில குதிரைக்கு வியர்வையே நின்றுபோகும். அது மருத்துவர் பார்க்கவேண்டிய விஷயம்.

கயிறு

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இந்தத் தொழிலில் சொல்லிக்கொடுக்கக்கூடிய விஷயம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பாய் ஜட்கா வண்டி ஓட்டிய குடும்பம். முதல் நாள் ஒரு கயிற்றின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டு, "தம்பி, இழு" என்றார். இழுத்தேன். அவரும் இழுத்தார். நான் இன்னும் இழுத்தேன். "இப்ப நீ குதிரையா இருந்தா இன்னா கத்துக்கினே?" என்றார். இழுக்கக் கற்றுக்கொண்டேன், வேறென்ன. "இழுக்கறது எல்லாருக்கும் வரும். எப்ப விடணும்னு தெரியணும்."

குதிரை இழுப்பதில் கற்பதில்லை, விடும்போது கற்கிறது. கயிற்றில் லேசாக ஓர் அழுத்தம் கொடுக்கிறீர்கள். குதிரைக்கு அது பிடிக்கவில்லை. தப்பிக்க ஒவ்வொன்றாக முயற்சி செய்கிறது. தலையைத் தூக்குகிறது, பின்னால் போகிறது, ஒரு கட்டத்தில் தற்செயலாக உங்கள் பக்கம் ஓர் அங்குலம் சாய்கிறது. அந்த நொடியில் கயிறு தொய்ய வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் அதற்குள் அது வேறெதையோ செய்திருக்கும், அந்த வேறெதோதான் பாடமாகப் பதியும். தலையைத் தூக்கும்போது நீங்கள் பயந்து விட்டுவிட்டால் தலையைத் தூக்கக் கற்றுக்கொடுத்துவிட்டீர்கள். முரட்டுக் குதிரை என்று வந்த பலவற்றை நான் பார்த்துவிட்டேன். முக்கால்வாசி கெட்டிக்காரக் குதிரைகள். தப்பான நேரத்தில் விட்ட யாரோ ஒருவரின் நல்ல மாணவர்கள்.

சாமான் அதிகம் வேண்டாம். ஹால்டர் என்கிற முகக்கயிறு ஒன்று, நாலு மீட்டர் நீளத்தில் கட்டைவிரல் பருமன் பருத்திக் கயிறு ஒன்று. காசிமேட்டில் படகுக்கு வாங்கும் நைலான் கயிறு மலிவுதான், ஆனால் ஓடும்போது கையை அறுக்கும். எந்தக் கயிறானாலும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மடித்துப் பிடியுங்கள். இதை நான் புத்திமதியாகச் சொல்லவில்லை. ஆரம்ப காலத்தில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு நின்றேன், பின்னால் யாரோ தகர ஷட்டரை இறக்கினார்கள், குதிரை கிளம்பியது. முப்பது அடி என்னை இழுத்துப் போனது. வலது கை சுண்டுவிரல் இன்றுவரை முழுசாக மடங்காது. தவறு குதிரையுடையதும் இல்லை, ஷட்டர்காரருடையதும் இல்லை.

கிட்டே போகும்போது நேர் எதிரிலும் போகாதீர்கள், வால் பக்கமும் போகாதீர்கள். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றி ஏறக்குறைய எல்லாம் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் குருட்டு இடம். இடது தோளை நோக்கி, ஏதாவது பேசிக்கொண்டே போங்கள். என்ன பேசினாலும் சரி, நான் அன்றைய மீன் விலை சொல்வேன். தோளைத் தொடுங்கள், உடனே ஓர் அடி பின்வாங்குங்கள். அதுவும் ஒரு விடுதல்தான்.

அப்புறம் பாடங்கள். கூட நடப்பது முதலில். குதிரையின் தோளுக்குப் பக்கத்தில் நீங்கள் நடக்க வேண்டும், முன்னால் போய் இழுக்கக் கூடாது. நிற்பது அடுத்தது: நீங்கள் நின்றதும் அது நிற்க வேண்டும். நான் "ஓ…" என்று நீட்டிச் சொல்வேன். என்ன சொல்வீர்களோ, கடைசி வரை அதையே சொல்லுங்கள். பின்னால் போவது மூன்றாவது. மூக்குப் பட்டையில் லேசாக அழுத்தி, ஓர் அடி வைத்ததும் விட வேண்டும். பத்து அடி கேட்காதீர்கள். ஓர் அடிக்கு ஒரு விடுதல், அடுத்த நாள் இரண்டு அடிக்கு ஒன்று.

நாலாவதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள்: பின்பக்கத்தை நகர்த்துவது. தலையை உங்கள் பக்கம் கொஞ்சம் வளைத்து, விலாவில் விரல் நுனியால் அழுத்துங்கள். பின்னங்கால் ஒன்று மற்றொன்றுக்குக் குறுக்கே போக வேண்டும். போன நொடியில் விரலை எடுங்கள். இதுதான் உங்கள் பிரேக். பின்னங்கால் குறுக்கே போகும்போது குதிரையால் பாயவும் முடியாது, முன்னங்காலைத் தூக்கவும் முடியாது. பிற்பாடு சேணத்தில் உட்கார்ந்திருக்கும்போது உயிரைக் காப்பாற்றப் போவது இந்த ஒரு பாடம். இடது பக்கம் கற்றது வலது பக்கம் தானாக வந்துவிடாது. இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுங்கள்.

தலையை இறக்கச் சொல்வது, நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுப்பது இரண்டும் இதே முறைதான். காலைத் தூக்கியதும் குதிரை உதைத்து இழுக்கும்போது விடாதீர்கள், அது தளர்ந்த நொடியில் நீங்களே கீழே வையுங்கள். லாடம் அடிப்பவர் உங்களை வாழ்த்துவார்.

ஒரு வேளைக்கு பதினைந்து, இருபது நிமிடம். நன்றாகச் செய்த இடத்தில் நிறுத்துங்கள். "சூப்பரா பண்ணுதே, இன்னொரு தடவை" என்ற ஆசை வரும். அந்த இன்னொரு தடவையில்தான் எல்லாம் கெடும். குதிரை நாக்கைச் சுழற்றி வாயை மென்றால் பாடம் புரிந்துவிட்டது என்று சிலர் சத்தியம் செய்வார்கள். பதற்றம் இறங்குகிறது என்று மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். புரிந்ததா என்று நாளைக் காலையில்தான் தெரியும்.

வடசென்னைச் சத்தம்

வேறு ஊர்க்காரர்கள் குடை விரித்துக் காட்டி, பிளாஸ்டிக் பை ஆட்டிக் காட்டிப் பயம் தெளிய வைப்பார்கள். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், கொருக்குப்பேட்டை கூட்ஸ் வண்டி, திருவொற்றியூர் தலைக்கு மேல் போகும் மெட்ரோ, எல்லாம் இலவசம். எல்லாவற்றுக்கும் மேலே சாவு மேளம். வெடி, பூ, ஆட்டம் என்று ஓர் ஊர்வலம் தெரு முனையில் திரும்பினால் பத்து வருட அனுபவக் குதிரைக்கே வயிறு கலங்கும்.

முறை இதுதான். சத்தத்தின் பக்கம் குதிரையைக் கொண்டுபோகாதீர்கள். காதை விறைத்து, தலையைத் தூக்கி, "என்னமோ இருக்கு" என்று அது பார்க்கிற தூரம் எதுவோ, அங்கேயே நில்லுங்கள். இன்னும் ஓர் அடி வைத்தால் திரும்பி ஓடும் என்கிற தூரத்துக்கு ஒரு நாலு அடி முன்னதாக. தலை இறங்கும் வரை நின்று, இறங்கியதும் நீங்களே திரும்பி நடந்து விலகுங்கள். விலகுவதுதான் பரிசு. அடுத்த நாள் அந்தக் கோடு தானாகப் பத்து அடி முன்னால் போயிருக்கும். நான் ஒரு கருப்புக் குதிரையை எண்ணூர் நெடுஞ்சாலைக்கு அழைத்துப் போக மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். முதல் நாள் லாரி கண்ணுக்கே தெரியவில்லை, இரண்டு தெரு தள்ளி ஹாரன் மட்டும் கேட்டது. மூன்றாம் வாரம் ரோட்டோரம் நின்று அது வைக்கோல் தின்றது. வேடிக்கை பார்த்தவர்கள் போரடித்துப் போய்விட்டார்கள்.

கட்டிப்போட்டுவிட்டு பட்டாசு கொளுத்திப் பழக்குகிறவர்களும் இருக்கிறார்கள். குதிரை கொஞ்ச நேரம் துள்ளி, பிறகு அசையாமல் நிற்கும். பழகிவிட்டது என்பார்கள். அது பழகவில்லை, கைவிட்டுவிட்டது. அப்படிப்பட்ட குதிரை ஒரு நாள் முன்னறிவிப்பே இல்லாமல் வெடிக்கும், அன்றைக்கு மேலே ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும்.

வட்டம்

மூன்றாவது வாரம் வாக்கில் வட்டத்துக்குப் போகலாம். எட்டு, பத்து மீட்டர் கயிற்றில் குதிரை உங்களைச் சுற்றி வரும். நீங்கள் நடுவில். குதிரையின் உடம்பு, கயிறு, சாட்டை மூன்றும் சேர்ந்து, நீங்கள் ஒரு முனையில் நிற்க, ஒரு முக்கோணம் மாதிரி இருக்க வேண்டும். சாட்டை அடிப்பதற்கில்லை, நீண்ட கை அவ்வளவுதான். தோளுக்கு முன்னால் நீங்கள் நகர்ந்தால் அது வேகம் குறைக்கும், பின்பக்கம் நகர்ந்தால் முன்னே போகும்.

நட, ட்ராட் (மெல்லோட்டம்), ஓ. இந்த மூன்று சொல் மட்டும் போதும். இரண்டு பக்கமும் சமமாக, மொத்தம் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகாமல். ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றிக் களைக்க வைத்துப் பிறகு ஏறுவது ஒரு குறுக்கு வழி. இதனால் இரண்டு கெடுதல்: மூட்டு தேயும், அப்புறம் தினமும் களைக்க வைக்க இன்னும் அதிக நேரம் ஆகும். குதிரையை நீங்களே ஓட்டப் பந்தய வீரனாக்கிக் கொண்டிருக்கிறீர்கள்.

சேணமும் கடிவாளமும்

முதலில் சாக்கு. வெறும் கோணிச் சாக்கை மடித்து முகரக் கொடுத்து, தோளில் தேய்த்து, முதுகில் போட்டு எடுத்து, போட்டு எடுத்து. குதிரை கவலைப்படாமல் தின்றுகொண்டிருந்தால் அதன் மேல் ஒரு பட்டையை வயிற்றைச் சுற்றித் தளர்வாகக் கட்டுங்கள். இங்கேதான் அவசரம் ஆளைக் கொல்லும். வயிற்றை ஒன்று இறுக்கிப் பிடிப்பது குதிரைக்குப் புலி பிடித்த மாதிரி. ஒவ்வொரு துளையாக, நடுவில் நாலு அடி நடக்க விட்டு, மறுபடி ஒரு துளை.

ஒருமுறை மழை வரப்போகிறது என்று ஒரு சிவலைப் பெண் குதிரைக்கு நான் வயிற்றுவாரை ஒரே மூச்சில் இறுக்கினேன். அதுவும் முழு இறுக்கம் இல்லை. அது துள்ளியதில் சேணம் சரிந்து வயிற்றுக்கு அடியில் போய்விட்டது. காலில் அங்கவடி (ஏறுபவர் பாதம் வைக்கும் வளையம்) இடிக்க இடிக்க மனை முழுக்க ஓடியது. பிடிக்க இருபது நிமிடம். அதன் பிறகு அந்தக் குதிரையைச் சேணத்துக்குச் சம்மதிக்க வைக்க இரண்டு மாதம். மழையும் அன்றைக்கு வரவில்லை.

சேணம் நல்லதாக இருக்க வேண்டும் என்றால் கான்பூர் சரக்கு நம் நாட்டில் எல்லா இடத்துக்கும் வருகிறது. புதிதோ பழசோ, முதுகில் வைத்து உட்கார்ந்து பார்த்தால் தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு, மூன்று விரல் போக வேண்டும். வேலை முடித்து எடுத்ததும் வியர்வைக் கறையைப் பாருங்கள். சுற்றிலும் நனைந்து நடுவில் மட்டும் ஒரு திட்டு உலர்ந்திருந்தால் அங்கே அழுத்துகிறது.

கடிவாளத்துக்கு வருவோம். கொள் என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளுமாம். பழமொழி குதிரையைத் திட்டுகிறது, குதிரையோ சரியாகத்தான் செய்கிறது. குளிர்ந்த இரும்பைப் பல்லில் இடித்தால் யார்தான் திறப்பார்கள்? இரும்பைக் கையில் பிடித்துச் சூடாக்குங்கள், கொஞ்சம் வெல்லம் தடவுங்கள். முன்பல்லுக்கும் கடைவாய்க்கும் நடுவே பல்லே இல்லாத ஈறு இருக்கிறது, அங்கே கட்டைவிரலை வைத்தால் வாய் தானாகத் திறக்கும். நடுவில் இணைப்புள்ள சாதாரண மழமழப்பான கடிவாளம் போதும். முள் வைத்த கடிவாளம் நம் பக்கம் இன்னும் கண்ணில் படுகிறது. வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகளுக்கான 1965 விதிகளே முள் கடிவாளத்தைத் தடை செய்துவிட்டன. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் நண்பகல் 12 முதல் 3 வரை அவற்றிடம் வேலை வாங்கக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நாக்கு கிழிந்த குதிரைக்கு விடுதல் எது, வலி எது என்று எப்படித் தெரியும்?

பிறகு ஒரு வாரம் இரண்டு நீளக் கயிற்றைக் கடிவாளத்தின் இரண்டு பக்கமும் கட்டி, அங்கவடி வழியாக எடுத்து, பின்னால் எட்டாத தூரத்தில் நடந்துகொண்டே ஓட்டுங்கள். ஜட்காக்காரர்களுக்கு இது கைவந்த கலை. லகான் (கடிவாளத்தில் இருந்து கைக்கு வரும் வார்) என்றால் என்ன, திரும்பு என்றால் என்ன என்று முதுகில் பாரம் ஏறும் முன்பே குதிரைக்குத் தெரிந்துவிடும். காலை ஐந்து மணிக்கு ஆளில்லாத தெருவில் இப்படி ஒரு சுற்று போய்வந்தால் பால் வண்டி, நாய், குப்பைத்தொட்டி எல்லாம் பார்த்தாயிற்று.

ஏறுவது

அன்றைக்கு இரண்டு பேர் வேண்டும். தலைப்பக்கம் ஒருவர், ஏறுபவர் ஒருவர். ஏறுபவர் கனம் குறைந்தவராக, பதறாதவராக இருக்கட்டும். குதிரையேற்றத்துக்கான ஹெல்மெட்டே போடுங்கள், பைக் ஹெல்மெட் கனத்தில் கழுத்தை இழுக்கும். காலில் சிறு குதிகால் உள்ள ஷூ. செருப்போ மட்டமான கேன்வாஸோ என்றால் பாதம் அங்கவடிக்குள் நழுவி மாட்டிக்கொள்ளும்.

ஒரு ஸ்டூலைப் பக்கத்தில் போட்டு அதன் மேல் ஏறி நில்லுங்கள். இறங்குங்கள். பத்து தடவை. நீங்கள் தலைக்கு மேல் உயரமாகத் தெரிவதே அதற்குப் புதிது. அடுத்து சேணத்தின் மேல் கையை ஊன்றிக் கனத்தைக் கொடுத்து எடுங்கள். அடுத்து மூட்டை மாதிரி வயிற்றால் குறுக்கே படுங்கள், இரண்டு நொடி, இறங்குங்கள். இதை இரண்டு நாள், மூன்று நாள் செய்யலாம். குதிரை ஒரு பெருமூச்சு விட்டு நிற்கும்போது காலை அந்தப் பக்கம் போட்டு மெதுவாக உட்காருங்கள். தடாலென்று உட்காராதீர்கள். கழுத்தைத் தடவி, இறங்குங்கள். அன்றைய பாடம் முடிந்தது. வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடுங்கள்.

மறுநாள் உட்கார்ந்ததும் தலைப்பக்கம் இருப்பவர் நடத்திக்கொண்டு போகட்டும். அப்புறம் வட்டக் கயிற்றில். கட்டளை முதலில் கீழே இருப்பவரே சொல்வார், மேலே இருப்பவர் வெறும் மூட்டை. இரண்டு நாள் கழித்து மேலே இருப்பவர் "நட" என்று சொல்லிக் காலால் லேசாக அணைக்க வேண்டும். குதிரை ஓர் அடி வைத்ததும் காலைத் தளர்த்த வேண்டும். மறுபடி அதே கணக்குதான், கயிற்றுக்குப் பதில் கால். நிறுத்தப் பயந்தால் இரண்டு லகானையும் சேர்த்து இழுக்காதீர்கள். ஒரு பக்க லகானை மட்டும் முழங்காலை நோக்கி மெதுவாகக் கொண்டுவந்தால் தலை வளையும், பின்னங்கால் குறுக்கே போகும், நின்றுவிடும். தரையில் விலாவைத் தொட்டுச் சொல்லிக்கொடுத்தீர்களே, அதே பாடம்.

முதல் மாதம் நாளுக்கு இருபது நிமிடம், வாரத்துக்கு நாலைந்து நாள். நடை, நிறுத்தம், திருப்பம். இரண்டாவது வாரம் கொஞ்சம் ட்ராட். நாலுகால் பாய்ச்சலுக்கு அவசரமே இல்லை. முதல் தடவை தெருவுக்குப் போகும்போது பழகிய குதிரை ஒன்று முன்னால் போகட்டும், புதுசு அதன் வாலைப் பார்த்துக்கொண்டு வரும்.

ரேஸ் விட்டதும், கல்யாணத்துக்கு ஆடியதும்

ரேஸ் குதிரை ஏற்கெனவே பழகியதுதானே என்று வாங்கியவுடன் ஏறுகிறவர்களைத் தண்டையார்பேட்டையிலும் பார்த்திருக்கிறேன், ஆஸ்பத்திரியிலும் பார்த்திருக்கிறேன். அதற்குத் தெரிந்த மொழி வேறு. லகான் இறுகினால் அதில் சாய்ந்துகொண்டு ஓட வேண்டும் என்று அது கற்றிருக்கிறது. நீங்கள் பயந்து இழுக்க இழுக்க அது வேகம் எடுக்கும், அதன் பார்வையில் சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஜாக்கியின் கால் மேலே மடங்கி இருக்கும் என்பதால் விலாவில் கால் தொங்குவதே அதற்குப் புதிது. நடந்துகொண்டிருக்கும்போதே ஆளைத் தூக்கி ஏற்றிவிடுவார்கள், நின்று ஏற்றிப் பழக்கமில்லை. இரண்டு, மூன்று மாதம் சும்மா மேயவிட்டு, கொள்ளையும் தானியத்தையும் குறைத்து, பிறகு கயிற்றுப் பாடத்தில் இருந்து ஆரம்பியுங்கள். ஏறும்போது அசையாமல் நிற்கக் கற்றுக்கொடுப்பதுதான் அதற்குப் பெரிய பரீட்சை.

கல்யாணக் குதிரையின் சிக்கல் எதிர்ப்பக்கம். மேளம் அடித்தால் ஆட வேண்டும், ஆடினால் கூட்டம் சந்தோஷப்படும். மேளத்தைத் தூரத்தில் வாசிக்கச் சொல்லி, அது ஆடாமல் நிற்கிற நொடியில் புல் கொடுங்கள். பேண்ட் வாசிக்கும் தம்பிகளிடம் கேட்டால் ஒத்திகையின்போது பக்கத்தில் நிற்க விடுவார்கள், டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

ஒப்படைப்பது

குதிரை தயார் என்றதும் உரிமையாளர் வண்டி கொண்டுவருவார். உடனே ஏற்றி அனுப்பாதீர்கள். குறைந்தது மூன்று காலை அவர் உங்கள் மனைக்கு வந்து, உங்கள் கண் முன்னால் கயிறு பிடித்து நடத்தி, காலைத் தூக்கி, சேணம் கட்டி, ஏறி இறங்க வேண்டும். மூன்றாவது நாள் நீங்கள் எதுவும் பேசாமல் நில்லுங்கள். அவர் கை எப்போது விடுகிறது என்பதை மட்டும் பாருங்கள். தாமதமாக விட்டால் இன்னும் இரண்டு நாள் வரச் சொல்லுங்கள். அதற்குக் காசு கேட்காதீர்கள். அவர் கை பழகாவிட்டால் மூன்று மாதத்தில் அதே குதிரை கெட்டுப்போய் உங்கள் பெயரோடு திரும்பி வரும்.

ஒரு துண்டுச் சீட்டில் குதிரைக்குத் தெரிந்த சொற்களை எழுதிக் கொடுங்கள். நான் கொடுப்பதில் நட, ட்ராட், ஓ, பின்ன, கால் என்று ஐந்து சொல் இருக்கும், கீழே வயிற்றுவார் எந்தத் துளையில் வர வேண்டும் என்று ஓர் எண். அந்தச் சீட்டை லாயத்துக் கதவில் ஒட்டச் சொல்வேன். புதிதாக வேலைக்குச் சேரும் பையன் அதைப் பார்த்துத்தான் குதிரையிடம் பேசப் போகிறான்.